பிணவறைக்குப் பக்கத்தில் ஜப்பான்

எங்கள் சும்பர்வாங்கி மாவட்ட மருத்துவமனையில் ஒத்திகை பார்க்காமல் எதையும் செய்ய மாட்டார்கள். ஒருமுறை தீயணைப்பு ஒத்திகையின்போது மெய்யாகவே ஒரு திரைச்சீலை பற்றிக்கொண்டது. தீயை அணைப்பது மதிய உணவுக்குப் பிறகு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்ததால் அதுவரை பொறுத்திருந்தோம். மந்திரி வருகிறார் என்றால் நோயாளிகளுக்கும் ஒத்திகை உண்டு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மந்திரி கேட்கும்போது எந்த நோயாளி எவ்வளவு சிரிக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

ஆகவே மூன்று பேரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவது என்று வந்தபோது, முதலில் சும்பர்வாங்கியிலேயே ஒரு ஜப்பான் கட்டப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. அதில் நான் நோயாளியாக நியமிக்கப்பட்டதில்தான் கொஞ்சம் வியப்பு.

என் பெயர் தர்ஜோனோ. தீக்காயப் பிரிவில் கட்டு மாற்றும் செவிலியன். உடம்பு கொஞ்சம் பருமன். கொஞ்சம் என்பது என் கணக்கு. எங்கள் வார்டு கட்டில்கள் வேறு கணக்கு வைத்திருக்கின்றன.

ஜப்பானின் வடக்கே பனி கொட்டும் ஊர் ஒன்றில் இருக்கும் மருத்துவமனைதான் அழைத்திருந்தது. தீக்காயத்துக்குக் கட்டுப்போடும் செவிலியர் மூவர் வரலாம், மூன்று மாதம், வயது நாற்பதுக்குக் கீழே இருக்கவேண்டும். எனக்கு வயதும் தாண்டிவிட்டது, சம்பால் மிளகாய்த் துவையலும் சுடுசோறும் இல்லாத ஊருக்குப் போகும் துணிச்சலும் இல்லை. ஆனால் என்னோடு கட்டு மாற்றும் குஸ்வாதிக்கு வரும் ஜனவரியில் நாற்பது. இரண்டு வருடமாக மாலை நேரத்தில் ஜப்பான் மொழி படித்து வந்தாள். கட்டுத்துணி அவிழ மறுத்தால் அதை ஜப்பான் மொழியில்தான் திட்டுவாள்.

"இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான், காங்," என்றாள். எங்கள் பக்கம் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவது அப்படித்தான். "அந்தச் சின்னப் பொண்ணு நினைவிருக்கா? வெந்நீர் அண்டா கவுந்தது? காயம் ஆறிடுச்சுன்னு நாம எல்லாரும் கை தட்டினோம். ஆறின தோலு சுருங்கிச் சுருங்கி தாடையை நெஞ்சோட இழுத்துக்கிச்சு. இப்ப அது வானத்தை நிமிர்ந்து பாக்க முடியாது. அப்படி இழுக்காம பாத்துக்கிற வழி அங்க இருக்கு. அதை என் கையால செஞ்சு பழகணும்."

இதைச் சொல்லும்போது அவள் பகடி செய்யவில்லை. வேறு எல்லா நேரமும் செய்வாள்.

தேர்வுக் கூட்டம் கூடியது. டைரக்டர் டாக்டர் ஹர்யோ சஸ்மிதோ ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். எங்கள் கூட்ட அறையில் எட்டு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். இருந்தாலும் ஒலிபெருக்கி இல்லாமல் பேசுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"அன்பர்களே! ஒரு நர்ஸ் போனா ஒரு நர்ஸ்தான் கத்துக்குவாங்க. ஒரு டைரக்டர் போனா முழு ஆஸ்பத்திரியும் கத்துக்கிட்ட மாதிரி. இன்னொண்ணும் யோசிக்கணும். குஸ்வாதி மூணு மாசம் இல்லேன்னா அந்த வார்டு என்னாகும்? நின்னுபோயிடும். அவங்களை எப்படி அனுப்ப முடியும்? யாரு இல்லேன்னா நோயாளிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதோ, அவங்கதான் தியாகம் பண்ணிப் போகணும். அந்த வகையில என்னை விட்டா, நம்ம நிதிப் பிரிவுத் தலைவர் சுரோசோவை விட்டா, வேற யாரு இருக்கா?"

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், சோறு போடுகிற இடம். மூன்றாவது இடம் டைரக்டரின் மனைவிக்கு. ஊழியர் மனைவியர் சங்கத்தின் தலைவி என்ற முறையில் அவர் தீக்காயப் பிரிவுக்கு ஆண்டுதோறும் பழக்கூடை வழங்கி, அனுபவம் பெற்றிருந்தார். வயது விஷயம் எப்படிச் சரியானது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பணியாளர் பிரிவுத் தலைவர் ஒரு கலைஞர்.

எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் திடலில் கூடி, அங்கே செய்யவேண்டியதையெல்லாம் இங்கேயே ஒருமுறை செய்து பழகுவார்கள். பயபக்தியோடு செய்வது, அதற்கு ஒரு பொருள் உண்டு. டைரக்டர் அதிலிருந்து பொருளை விட்டுவிட்டு, பந்தலையும் பலகாரப் பெட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டார். ஜப்பான் ஒத்திகை அறிவிக்கப்பட்டது.

குஸ்வாதியை அறைக்குக் கூப்பிட்டார். கூடவே நானும் போனேன்.

"நீ நல்லா ஜப்பான் மொழி பேசுறியாமே? ஒத்திகையில அந்த ஊர் தலைமை நர்ஸ் நீதான். பாத்தியா, உனக்கும் ஒரு வாய்ப்பு குடுத்தாச்சு."

"ரொம்ப நன்றி, பாக்," என்றாள். பெரியவர்களை அப்படித்தான் அழைப்போம். "உத்தரவா எழுதிக் குடுத்துடுங்க, பாக். உத்தரவு இல்லாம இங்க விளக்குமாறுகூட நகராது."

டைரக்டருக்கு இது பிடித்தது. முத்திரை குத்தி உத்தரவு வந்தது: ஒத்திகைக் காலத்தில் குஸ்வாதியின் சொல் ஜப்பான் மருத்துவமனையின் சொல்லாகவே கொள்ளப்படும், மறுப்பவர் பயணத் தகுதி இழப்பார். கடைசி வரியை டைரக்டரே சேர்த்தார். சுரோசோ சொன்ன நேரத்துக்கு வரமாட்டார் என்று அவருக்கு ஐயம்.

"எல்லாம் அசலா இருக்கணும், தெரியுதா?" என்றார்.

"அசலாவே இருக்கும், பாக்."

வெளியே வந்ததும் கேட்டேன். "உன் இடத்தைப் பிடுங்கிட்டு, பொம்மலாட்டத்துக்கு உன்னையே கூப்பிடுறாங்க. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல, குஸ்?"

"எதுக்குச் சொல்லணும்? காங், இந்த வாரம் நீ வயிறு நிறையச் சாப்பிடு."

"ஏன்?"

"நோயாளி நீதான்."

முதல் நாள் விமானம். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து ஆம்புலன்ஸ்களை வெளியே தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். ஒரு நோயாளியைக் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டிக்காரர் நடுவில் புகுந்து, "அவசரப் பிரிவு எங்கே?" என்று கேட்டார். "ஓடுபாதையில் நிற்காதீர்" என்று அவரைச் சுற்றுவழியில் அனுப்பினார்கள். உணவக அக்கா விமானப் பணிப்பெண்ணாக வந்து, இடுப்புப் பட்டையை எப்படி மாட்டுவதென்று கட்டுத்துணியை வைத்துக் காட்டினாள்.

காவலாளி பைமானுக்குச் சுங்க அதிகாரி வேடம். இருபது வருடம் கதவைத் திறந்து சலாம் போட்ட மனிதரிடம் ஒரு நாள் அதிகாரத்தைக் கொடுத்தால் என்னாகும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"பெட்டியைத் திறங்க, இபு," என்றார் டைரக்டரின் மனைவியிடம். இபு என்றால் அம்மா, மரியாதையாகத்தான் கேட்டார்.

"பைமான், நான் யாருன்னு தெரியலையா?"

"இங்க நான் ஜப்பான்காரன், இபு. எனக்கு யாரையும் தெரியாது." பெட்டியிலிருந்து சம்பால் புட்டியும் கருவாட்டுப் பொட்டலமும் ஊரே மணக்கும் பெத்தாய்க் காய் ஒரு கட்டும் வெளியே வந்தன. "பறிமுதல்." ஒத்திகை முடிந்து அந்த அம்மாள் திருப்பிக் கேட்டபோது, அவை சட்டப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்றார். அன்று மாலை காவல் அறைப் பக்கம் கருவாடு வறுக்கும் மணம் வந்தது.

சுரோசோ குடியேற்ற மேசையில் மாட்டிக்கொண்டார். "எதுக்காகப் போறீங்க?" என்று பைமான் கேட்டார். "அலுவலா," என்றார் சுரோசோ. "என்ன அலுவல்?" சுரோசோ டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் வானத்தைப் பார்த்தார். விடை கடைசிவரை வராததால், அவரை நாற்காலிகளுக்குப் பின்பக்கமாக ஜப்பானுக்குள் விட்டோம்.

அடுத்து குளிர். எங்கள் ஊரில் குளிர் கிடைக்கும் இடம் ஒன்றுதான்: பிணவறையின் குளிர் அறை. நல்லவேளையாக அந்த வாரம் அது காலி. மூவரும் மயிரடர்ந்த மேலங்கிகளைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலில் நின்று டைரக்டர் உரையாற்றினார்.

"பாருங்க, இந்த வசதியைக் கொண்டுவந்தது என் நிர்வாகம். இதுவரைக்கும் இங்க வந்து தங்கினவங்க ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்ல."

ஐஸ் சீவி விற்கும் தள்ளுவண்டிக்காரரைப் பனிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் இயந்திரத்தைச் சுழற்ற, டைரக்டரின் மனைவி தலைமேல் பனி பெய்தது. பக்கத்திலேயே பதாகை பிடித்து நிழற்படம் எடுத்தார்கள். பழக்கதோஷத்தில் ஐஸ்காரர் சிவப்புச் சர்பத்தையும் ஊற்றிவிட்டார். அந்தப் படம் பிறகு வெளியிடப்படவில்லை.

இதுவரை எல்லோருக்கும் சந்தோஷம். இனிமேல் மீதி இருந்தது வார்டு ஒன்றுதான். நிகழ்ச்சி நிரல்படி தலைமை நர்ஸ் குனிந்து வணங்குவாள், சான்றிதழ் கொடுப்பாள், பலகாரம் சாப்பிட்டுக் கலையலாம்.

மறுநாள் காலை குஸ்வாதி வெள்ளை உடுப்பில், தலைமயிரை இழுத்து முடித்து நின்றாள். வணங்கினாள். பிறகு உத்தரவைப் பிரித்து உரக்கப் படித்தாள். பிறகு சொன்னாள்:

"பலகாரப் பெட்டி எல்லாத்தையும் வெளிய எடுங்க. இது வார்டு. எல்லாரும் முழங்கை வரைக்கும் கை கழுவுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சிரித்துக்கொண்டே கழுவ ஆரம்பித்தார்கள். அவள் போதும் என்று சொல்லவே இல்லை. சிரிப்பு தண்ணீரோடு போயிற்று. டைரக்டரின் மனைவியிடம் போய், "மோதிரம் எல்லாம் கழட்டுங்க, இபு. நகத்தையும் வெட்டணும்," என்று நகவெட்டியை நீட்டினாள்.

அந்த நகங்கள் சாதாரண நகங்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் செர்ரிப் பூ வரைந்திருந்தது, ஜப்பானுக்கென்றே வரைந்தது.

"குஸ்வாதி, விளையாடாதே."

"விளையாட்டு இல்ல, இபு. வெந்த தோல்ல இந்த நகம் பட்டா என்னாகும்னு நோயாளியக் கேளுங்க."

கட்டிலில் உடம்பு முழுக்கக் கட்டுப்போட்டுக் கிடந்த நான், "செத்துருவேன், இபு," என்றேன். எனக்கு ஒதுக்கப்பட்ட முதல் வசனம்.

அம்மாள் அங்கேயே ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். "ஒரு தாய்க்கு முதல் கடமை அவ பிள்ளைங்க. என் பிள்ளைங்களை விட்டுட்டு நாட்டுக்காகக்கூட என்னால போக முடியாது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகளில் மூத்தவனுக்கு மீசை நரைக்க ஆரம்பித்திருந்தது. கை தட்டினோம். ஓர் இடம் காலி.

"இப்ப நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கணும்," என்றாள் குஸ்வாதி.

டைரக்டர் என் தோளைப் பிடித்தார், சுரோசோ இடுப்பைப் பிடித்தார். நான் ஒத்துழைக்கவில்லை. ஒத்துழைக்கக்கூடாது என்பது எனக்கு உத்தரவு. அதோடு, காலையில் இரண்டு தட்டு ராவோன் சாப்பிட்டிருந்தேன், நாட்டுக்காக. மாட்டுக்கறிக் குழம்பில் ஊறிய சோறு நகர்வதற்கு விரும்பாத பண்டம். மூன்றாவது முயற்சியில் புரண்டேன். சுரோசோவின் முதுகில் ஏதோ படக்கென்றது.

"நோயாளிக்கு இப்ப மலத்தட்டு வேணும்," என்றாள் அவள், கொஞ்சமும் இரங்காமல்.

"வேணுமா?" என்று சுரோசோ என்னைக் கேட்டார். குரலில் கெஞ்சல் இருந்தது. பதினாறு வருடம் என் படிப்பணத்தை இழுத்தடித்த மனிதர். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "ஆமாம், பாக், அவசரம்," என்றேன்.

நடந்ததை எழுதினால் இதழாசிரியர் வெட்டிவிடுவார். சுரோசோவின் உரை மட்டும் இங்கே: "வருஷக் கடைசி. கணக்கு முடிக்கணும். கணக்குக்கு நான் வேணும், எனக்குக் கணக்கு வேணும்." கூனிக்கொண்டே போனார்.

டைரக்டர் மட்டும் நின்றார். அவரால் பின்வாங்கவும் முடியாது. பனியில் நின்று கொடியேற்றப் போவதாக மாவட்டத் தலைவரிடம், அதாவது எங்கள் புபாத்தியிடம், சொல்லிவிட்டிருந்தார். அதனால் குஸ்வாதி அவரை ஒரு வாரம் வைத்திருந்தாள். வாளி கழுவ வைத்தாள், விரிப்பு மாற்ற வைத்தாள், என் முதுகைத் துடைக்க வைத்தாள். துடைக்கும்போது நான் முனகினால் அவர் குனிந்து, "மன்னிக்கணும்," என்று சொல்லவேண்டும்.

"காதுல விழல," என்பாள்.

"மன்னிக்கணும்!"

"நோயாளியைப் பாத்துச் சொல்லுங்க, பாக். சுவத்தைப் பாத்து இல்ல."

ஜப்பானில் மெய்யாகவே அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று அவளைத் தனியாகக் கேட்டேன். "இனிமே உண்டு," என்றாள்.

எனக்கோ சிக்கல். டைரக்டர் குனிந்து மன்னிப்புக் கேட்கும்போது மனசு இளகியது. சிரமப்படுத்தாமல் இருக்கலாமே என்று முனகலை அடக்கிக்கொண்டேன். அவள் என் பக்கத்தில் வந்து குனிந்து, "காங், முனகு. அந்தப் பொண்ணோட கழுத்தை நினைச்சுக்கிட்டு முனகு," என்றாள். நினைத்தேன். அதன் பிறகு முனகல் தானாக வந்தது.

கடைசி நாள், இரத்த அழுத்தம் ஏறிவிட்டதாகச் சொல்லி விலகிவிடுவது என்று டைரக்டர் முடிவு செய்திருந்தார். உரைகூடத் தயார். அதற்குள் புபாத்தி வந்துவிட்டார். தேர்தல் வருடம், கூடவே தொலைக்காட்சிக்காரர்கள். கதவு திறந்தபோது டைரக்டர் ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு என் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புபாத்தி கண் கலங்கினார். கேமரா தன் பக்கம் திரும்பும்வரை கலங்கியபடியே நின்றார்.

"என் பொது வாழ்க்கையில எத்தனையோ அதிகாரிங்க வெளிநாடு போயிட்டு வந்ததைப் பாத்திருக்கேன். போறாங்க, வர்றாங்க, படம் காட்டுறாங்க. எங்க போனாங்க, எதுக்குப் போனாங்கன்னு நான் கேட்டதே இல்ல. கேட்டா நானும் சொல்ல வேண்டியிருக்கும். ஆனா ஒரு ஏழை நோயாளியோட காலைத் தொட்ட டைரக்டரை இன்னிக்குத்தான் பாக்குறேன்!" ஒலிபெருக்கியைக் குஸ்வாதியிடம் நீட்டினார். "நீ சொல்லும்மா. இவர் எப்படிக் கத்துக்கிட்டார்?"

டைரக்டர் அவளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நினைத்து எனக்கு மலத்தட்டு தேவைப்பட்டது. இந்த முறை நடிப்பல்ல. அவளோ குனிந்து வணங்கினாள்.

"எங்க டைரக்டர் மாதிரி யாரும் கத்துக்க முடியாது, பாக். எல்லாத்தையும் கத்துக்கிட்டார். இனி ஜப்பான்ல அவருக்குக் கத்துக்கிறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்ல."

டைரக்டரின் முகம் முதலில் மலர்ந்தது. பாதி மலர்ச்சியில் நின்றது.

"அப்படின்னா அவர் எதுக்குப் போகணும்?" என்றார் புபாத்தி. கூட்டம் கை தட்டியது. "சொல்லிக்குடுத்த நீ போம்மா! இன்னும் ரெண்டு நர்ஸைக் கூட்டிக்கிட்டுப் போ!" இன்னும் கை தட்டல். பிறகு புபாத்தி கொஞ்சம் யோசித்தார். அவருக்கு அது வழக்கமில்லை. "ஆனா நீ போயிட்டா உன் வேலையை யார் பாக்கிறது?"

என் வாழ்க்கையில் கூட்டத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. கட்டுக்குள் இருந்து என் குரல் வந்தது. யார் பேசுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"டைரக்டர் பாக் இருக்காரே. எல்லாம் கத்துக்கிட்டவர்."

புபாத்தி என்னைக் கட்டிப்பிடித்தார். ஏழை நோயாளியைக் கட்டிப்பிடித்த அந்தப் படம் மறுநாள் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று அழுதாள்.

குஸ்வாதி போனாள். அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் உடன் போனார்கள். டைரக்டர் தீக்காயப் பிரிவுக்கு வந்தார். டைரக்டர் அறை காலியாக இருந்ததில் மருத்துவமனைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மருந்து வந்தது, பிணம் போனது, கோப்புகள் முன்பைவிடச் சீக்கிரம் நகர்ந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் அவ்வப்போது வந்து பார்த்ததால், அவரால் நழுவவும் முடியவில்லை.

மூன்று மாதம் முடியப்போகும் சமயம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"காங், கழுத்துக்கு வைக்கிற பட்டையை இன்னிக்கு நானே அளவெடுத்து, வளைச்சு, ஒரு சின்னப் பையனுக்கு மாட்டினேன். அவன் நிமிர்ந்து பாக்குறான், காங்." மூக்கை உறிஞ்சினாள், குளிர் என்றாள். "இன்னும் ஒரு வருஷம் இருந்து முழுசா படின்னு சொல்றாங்க. வார்டுல எனக்குப் பதிலா ஆள் தொடர்ந்து இருக்கணுமாம், அதுதான் நிபந்தனை."

"டைரக்டர் சம்மதிக்கணுமே, குஸ்."

"புபாத்தி நேத்தே சம்மதிச்சுட்டார். வாழ்த்துச் செய்திகூடக் குடுத்துட்டாராம். நான் முதல்ல அவருக்குத்தான் போன் பண்ணேன்." சிரித்தாள். "நீயே பக்குவமா சொல்லிடு, காங். உனக்குத்தான் இளகின மனசு."

கட்டு மாற்றும் அறைக்குப் போனேன். டைரக்டர் குனிந்து கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "குஸ்வாதி எப்ப வர்றா?" என்று கேட்டார்.

சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். ஆனாலும் ஒரு வருடம் என்பதை எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அது ஒரு வருடம்தான்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்து, அறையில் இருந்த ஒரே நாற்காலியைப் பார்த்தார். அதற்குள் வாசலில் ஓர் அம்மாள், எண்ணெய் தெறித்து வெந்த கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சந்தையில் டோஃபு பொரித்து விற்கிறவள்.

"ஏம்ப்பா, புதுசா வந்தவரே! வெரசா வாங்க, கடை திறக்கணும். மெதுவாப் பிரிங்க, நேத்து மாதிரி உரிச்சுடாதீங்க."

டைரக்டர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் பாத்துக்கிறேன், நீங்க கொஞ்சம் உக்காருங்க, பாக்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.